முதலில் மீட்டர்

கட்டைவிரலால் மீட்டரைத் துடைப்பார். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்ப்பார். காற்றுச் சிலிண்டரை வெயில் பக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்ப்பார். பிறகு, பக்கத்தில் யாரோ நிற்பதுபோல, "மீட்டர் ஃபுல்லு" என்று உரக்கச் சொல்வார். பக்கத்தில் யாரும் கிடையாது. ஒரு சவுக்கு மரம் இருக்கிறது. அதற்கு மீட்டரில் அக்கறை இல்லை. துப்பாக்கியைத் தூக்கி, எதிரே ஸ்டாண்டில் உள்ள சின்னப் பெட்டிக்கு மேலாக ஓர் உருண்டை விடுவார். உருண்டை நொடிக்கு எத்தனை அடி வேகத்தில் போயிற்று என்று பெட்டி காட்டும். "எரநூத்தி பதினெட்டு" என்று அதையும் உரக்கச் சொல்வார். துப்பாக்கியை முழங்காலில் சாய்த்து, அதன் விலாவில் உள்ள திருகை ஆலன் கீயால் அரைச்சுற்றுத் திருகுவார். மறுபடி மீட்டர். மறுபடி உருண்டை. "எரநூத்தி நாப்பது. ஓக்கே, நெக்ஸ்ட்டு." இப்படி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் நாற்பது துப்பாக்கிகள்.

உமர் ஃபாரூக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு ஆதம்பாக்கம். விசிட்டிங் கார்டில் 'டென்டல் சேர் சர்வீஸ்' என்றுதான் போட்டிருக்கும். தி. நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எத்தனையோ பல் டாக்டர்களின் நாற்காலிகள் அவர் கைராசியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. கைகுலுக்கினால் முதலில் உங்கள் பல்லைத்தான் பார்ப்பார். "மேல்வரிசை கடைசில ஒண்ணு ஆடுது போலக்கீதே, காமிச்சுடு நைனா" என்று சொல்லிவிட்டுத்தான் பெயரைக் கேட்பார். சொன்னால் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

பல் நாற்காலிக்காரர் துப்பாக்கிப் பக்கம் வந்தது ஒரு தனிக் கதை. திருவான்மியூரைத் தாண்டிக் கடலோரச் சந்து ஒன்றில், ஸ்ரீகிருஷ்ணா என்கிற இளைஞர் பெயிண்ட்பால் மைதானம் ஆரம்பித்தார். சாயம் நிரப்பிய உருண்டைகளைக் காற்றால் சுட்டு விளையாடுகிற ஆட்டம். பட்டால் சட்டையில் ஆரஞ்சுக் கறை, அவ்வளவுதான். திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, துப்பாக்கிகளின் திருகுகளில் துரு தெரிகிறதே என்று ஹார்டுவேர் கடையிலிருந்து ஒரு டப்பா ஸ்ப்ரே வாங்கிவந்து எல்லாவற்றுக்குள்ளும் பீய்ச்சிவிட்டார். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊறி வீங்கிவிட்டன. நாற்பது துப்பாக்கியும் போல்ட் அசையாமல் வாயடைத்துப் படுத்துவிட்டன. ஸ்ரீகிருஷ்ணாவின் அண்ணன் பல் டாக்டர். "எங்க பாயைக் கூப்பிடு" என்றார் அவர்.

ஃபாரூக் வந்தார். ஒன்றைப் பிரித்தார். வீங்கிய வளையத்தை விரலில் மோதிரம்போல் மாட்டிப் பார்த்தார். "இது இன்னா கேட்டுக் கீலா தம்பி, எண்ணெ அடிக்கிறதுக்கு?" என்றார். மூன்றாம் நாள் மாலை நாற்பதும் பேசின. "பல்லு மிஷினும் இதுவும் ஒண்ணுதான். ரெண்டும் காத்துல ஓடுது, ரெண்டும் ஆள கத்தவைக்குது" என்றவரை ஸ்ரீகிருஷ்ணா விடவில்லை. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகள் மைதானத்துக்கு என்று ஆகிவிட்டது.

ஒரே ஒரு தகராறு உண்டு. துப்பாக்கி, கன் என்றெல்லாம் சொல்லக் கூடாது, 'மார்க்கர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது ஸ்ரீகிருஷ்ணாவின் கட்டளை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "உள்ளே ஒரு பாய் நாப்பது துப்பாக்கி வெச்சிண்டு தொடைச்சிண்டிருக்கார்" என்று போலீசுக்குப் போன் செய்து, அவர்கள் வந்து பார்த்து, சிரித்து, இரண்டு ரவுண்டு ஆடிவிட்டும் போன பிறகு போட்ட கட்டளை. ஃபாரூக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரி தம்பி, மார்க்கர்தான். அந்தக் கன்ன எட்த்துக் குடு" என்றார்.

அவருடைய அகராதியில் துப்பாக்கிக்கு வருவதெல்லாம் மனுஷ வியாதிதான். குழாய் வாய் வழியே காற்று உஸ்ஸென்று கசிந்தால் 'சளி'. உள்ளே வால்வை அடைக்கிற ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு முறை அழுத்தினால் தடதடவென்று போல்ட் தானாகவே நாலு தரம் அடித்தால் 'விக்கல்'. பின்போல்ட்டின் வளையம் காய்ந்திருக்கும், அல்லது சிலிண்டரில் காற்று இறங்கியிருக்கும். உருண்டை உள்ளேயே உடைந்து கொழகொழத்தால் 'அஜீரணம்'. பிரித்துப் பார்க்குமுன் காதுமடலைக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். அந்தக் காதுக்குத் தப்பி ஒரு கசிவும் போனதில்லை. பக்கத்து மேஜையில் யாராவது சோடா பாட்டிலைத் திறந்தால்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

விளையாட வருகிற பிள்ளைகள் யாராவது, "இது எப்படி அங்கிள் வேலை செய்யுது?" என்று கேட்டுவிட்டால் போதும். ஆட்டத்தை மறந்து ஒரு துப்பாக்கியைப் பிரித்துவிடுவார். "இத பாரு. இது போல்ட்டு. பின்னாடி கீறது ஸ்பிரிங்கு. விசைய அமுக்குனா ஸ்பிரிங்கு போல்ட்ட தள்ளும். போல்ட்டு போய் வால்வ முட்டும். காத்து தொறக்கும். அந்தக் காத்துல பாதி, போறவன வெளிய அனுப்புது. மீதிப் பாதி, போல்ட்ட திருப்பிக் கொண்டாந்து எடத்துல ஒக்கார வைக்கிது. அந்த மீதிப் பாதி சரியா இல்லன்னு வையேன், அது ஒக்காராது. தடதடன்னு அட்ச்சிக்கினே கெடக்கும்." இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை.

முன்பெல்லாம் அவர் தனியாக இதைச் செய்ததில்லை. ராமானுஜம் இருந்தார்.

இருவருக்கும் சிநேகம் பிறந்தது தி. நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில். மேற்கு மாம்பலம் தபால் ஆபீசில் வேலை பார்த்த ராமானுஜம், பல் அடைத்துக்கொள்ள வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். பாதியில் கம்ப்ரசர் நின்றது. வாய்க்குள் நாலு பஞ்சு உருண்டை. டாக்டர் போன் போட, ஃபாரூக் வந்து நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் வேலை பார்த்தார். வேலை பார்த்துக்கொண்டே நாற்பது நிமிஷமும் பேசினார். மேலே படுத்திருந்தவரால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. பஞ்சை எடுத்ததும் ராமானுஜம் சொன்ன முதல் வாக்கியம், "நீர் சொன்னதுல ஏழு விஷயம் தப்பு ஓய்" என்பதுதான். அந்த ஏழையும் விவாதிக்க இருவரும் காபி குடிக்கப் போனார்கள். மூன்றாவது காபியில் 'ஓய்' போய் 'டா' வந்துவிட்டது.

மைதானத்தைச் சும்மா பார்க்க வந்தவர், மத்தியஸ்தராக ஆகிவிட்டார். ஞாயிறு காலை கோவிலில் பிரபந்த கோஷ்டி. அதை முடித்துக்கொண்டு, நெற்றியில் திருமண் கலையாமல், வேட்டியைப் பேண்ட்டாக மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். கோஷ்டியில் சொல்லிச் சொல்லி உரமேறிய குரல். மைக் வேண்டாம், விசில் வேண்டாம். "அவுட்டுன்னா அவுட்டு! என்ன ஆர்க்யுமென்ட் வேண்டிக்கிடக்கு? வெளில போ!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால், ஐ.டி. கம்பெனி மேனேஜர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள்.

காலையில் துப்பாக்கிகளைச் சரிபார்ப்பது இருவர் வேலை. சுடுவது ராமானுஜம், திருகுவது ஃபாரூக். சுடுகிறவர் முதலில் சிலிண்டர் மீட்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் வேகத்தைச் சொல்ல வேண்டும். "மீட்டர் ஃபுல்லு! எரநூத்திப் பத்து!" ஃபாரூக் அரைச்சுற்று. "எரநூத்தி முப்பத்தஞ்சு!" இன்னும் கால். "நாப்பது! எடுடா அடுத்ததை!" அந்தக் குரல் கடற்கரை வரை கேட்கும். நாற்பதையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஃபாரூக்கின் மனைவி சகினா கட்டிக் கொடுத்த இடியாப்பத்தையும் ராமானுஜம் கொண்டுவந்த புளியோதரையையும் மாற்றிக்கொள்வார்கள். பாய் வீட்டுத் தேங்காய்ப் பாலுக்குத் தயங்குகிற ஆசாமி அல்ல ராமானுஜம்.

மீட்டரை முதலில் ஏன் பார்க்க வேண்டும் என்றால், காற்று இறங்கிய சிலிண்டர் பொய் சொல்லும். உருண்டை மெதுவாகப் போகும். துப்பாக்கிதான் மந்தம் என்று நினைத்துத் திருகைக் கூட்டிவிடுவீர்கள். பிறகு யாராவது நிறைந்த சிலிண்டரை மாட்டினால், இருநூற்று நாற்பதில் போக வேண்டியது முந்நூறைத் தாண்டிப் போகும். சாயம் கறையாகப் படாது. கல்லாகப் படும்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி ஞாயிறு. ராமானுஜத்தின் மகள் ஹம்சினி, ப்ளஸ் டூ பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் போகிறேன் என்று அப்பாவோடு வந்தாள். புதிதாகச் சேர்ந்த காவலாளிக்குப் பஞ்சு உருண்டைக் கதையை இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வேலை நடந்தது. அந்த ஏழு தப்பில் ஐந்தாவது எது என்று ஒரு சண்டை, அதற்கு ஒரு சிரிப்பு. பதினாலாம் நம்பர் துப்பாக்கி கைக்கு வந்தது. "நூத்தித் தொண்ணூறு!" என்றார் ராமானுஜம், சிரிப்பு நிற்காமல். மீட்டரைச் சொல்லவில்லை. ஃபாரூக் கேட்கவுமில்லை. மூன்று சுற்றுத் திருகினார். "நாப்பது! அடுத்தது!"

பதினொரு மணி ஆட்டத்தில் ஒரு கல்லூரிப் பையன் நிறைந்த சிலிண்டரோடு பதினாலை வாங்கிக்கொண்டு போனான். பத்தடி தூரத்தில் டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்தாள் ஹம்சினி. வலதுகை மோதிர விரலில் பட்டது. எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வெளிறிப்போய் நின்ற ஸ்ரீகிருஷ்ணா, "அந்த மார்க்கரை யார் செக் பண்ணது?" என்று கேட்டார். ஹம்சினியின் அம்மா ஜலஜா அங்கேதான் நின்றிருந்தாள், ஓடி வந்ததில் கைப்பை திறந்தபடி. ராமானுஜம் வாயைத் திறந்தார். அதற்குள், "நாந்தான் தம்பி. மீட்டர் பாக்காத வுட்டது நாந்தான்" என்றார் ஃபாரூக். பெற்ற அப்பன் கையாலேயே வந்த வினை என்று அந்தத் தாயின் காதில் விழலாமா? அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது அது ஒன்றுதான். ராமானுஜம் அவரைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ராமானுஜம் வரவில்லை. மகளுக்குப் பரீட்சை, சரி. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஹம்சினி கட்டோடு பரீட்சை எழுதினாள். கோணல் எழுத்தானாலும் நல்ல மார்க் வந்தது. கேட்ட படிப்பு அடையாற்றுக் கல்லூரியில் கிடைத்தது. வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் ஃபாரூக் ஒழுங்காகச் சாப்பிட்டார். அவள் அப்பன் மட்டும் வரவில்லை.

மேற்கு மாம்பலத்து வீட்டுக்கு ஒருமுறை நேரில் போனார். ஜலஜா வாசலில் நின்று வரவேற்று, உட்காரவைத்து, காபி கொடுத்தாள். "அவர் குளிச்சிண்டிருக்கார்" என்றாள். ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். ஜலஜா ஏதோ சொல்ல வாயெடுப்பாள், குளியலறைக் கதவைப் பார்ப்பாள், நிறுத்திக்கொள்வாள். இவ்வளவு நடந்தும் காபி கொடுக்கிறாளே மகராசி என்று ஃபாரூக் தலைகுனிந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிஷமும் அந்தக் குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. கசிவு கேட்கிற காதாயிற்றே, அதை ஏமாற்ற முடியுமா? எழுந்து வந்துவிட்டார்.

"தண்ணியே வுடாத குளிக்கிறான் அந்த ஆளு" என்று வீட்டில் வந்து சொன்னார். சகினா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவள், தைத்தாற்போல் பேசுவாள்.

"நான் எங்க அம்மா வூட்டுக்குப் போய் மாசக்கணக்கா இருந்தப்பக்கூட நீ இப்டி ஏங்கல."

"வாய மூடு."

"நெசமாத்தான் கேக்குறேன். நீ பொய் சொல்லி அவர காப்பாத்துனியா, இல்ல பூட்டி வெச்சியா?"

ஃபாரூக்குக்குச் சுருக்கென்றது.

"இனிமே நீ தேடிக்கினு போவாத" என்றாள் சகினா. "நீ போவப் போவ அவரு குளிக்கப் பூடுவாரு. அவரா வரட்டும்."

அவராக வரட்டும். சரி. ஆனால் அதுவரை என்ன செய்வது? பதினாலை உடைத்துப் போட்டுவிடுங்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா சொன்னார். ஃபாரூக் கேட்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினார், திருகைப் புதிதாகப் போட்டார், கடைசிக் கொக்கியில் மாட்டினார். வாடகைக்கு மட்டும் கொடுப்பதில்லை. வாராவாரம் இறக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நாலு தரம் சுட்டுப் பார்த்து, மறுபடி மாட்டிவிடுவார். ஏன் பாய் என்றால், "சும்மா தொங்குனா உள்ள ரப்பரு காஞ்சி பூடும்" என்பார். அப்புறம்தான் மற்ற முப்பத்தொன்பதும். மீட்டர் ஃபுல்லு. எரநூத்தி நாப்பது. தானே சுட்டு, தானே கூவி, தானே திருகி. ஒரு மணி நேர வேலை இரண்டரை மணி நேரம் ஆகிறது. "மனசுக்குள்ள சொல்லிக்கக் கூடாதா பாய், கஸ்டமர்ஸ் ஒரு மாதிரி பாக்கறாங்க" என்று ஸ்ரீகிருஷ்ணா ஒருநாள் சொன்னார். "பாத்துட்டுப் போட்டும் தம்பி" என்றார் ஃபாரூக். அந்தக் குரல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சகிக்கவில்லை; தன் குரலையாவது போட்டு நிரப்பிக்கொள்கிறார்.

போன ஞாயிறு பத்து மணிக்குக் கல்லூரிக் கூட்டம் ஒன்று வந்தது. ஒரே கூச்சல். முகக்கவசங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபாரூக்குக்கு முன்னால் ஒரு கை நீண்டது. மோதிர விரலின் நுனி லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. முகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஃபாரூக் மாமா, எப்டி இருக்கேள்?"

"யம்மா... ஹம்சினி! நீ எங்கம்மா இங்க? வெரலு எப்டி கீது?"

"விரலுக்கு என்ன, நன்னாத்தான் இருக்கு. குளிர் நாள்ல மட்டும் கொஞ்சம் வலிக்கும். நம்ம ஊர்ல குளிர் எங்க வரது?"

சிரித்தாள். அப்பனின் சிரிப்பு. ஃபாரூக் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. அவளே சொன்னாள்.

"அப்பாதான் கொண்டுவந்து விட்டார். கேட்டுக்கு வெளில, பூவரச மரத்தடில ஸ்கூட்டரைப் போட்டுண்டு உக்காந்திருக்கார். ஆத்துக்குப் போங்கோன்னா போக மாட்டேங்கறார். உள்ள வாங்கோன்னா வரவும் மாட்டேங்கறார்."

கையிலிருந்த முகக்கவசம் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கிற சாக்கில் ஃபாரூக் வலைத்தடுப்பு வழியாக எட்டிப் பார்த்தார். பூவரச நிழலில் ஒரு ஸ்கூட்டர். மேலே ஹெல்மெட் போட்ட ஓர் உருவம், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியை மட்டும் மைதானத்துக்குத் திருப்பிவைத்துக்கொண்டு. அந்த முதுகு கொஞ்சம் இளைத்துப் போயிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா மாமா? அன்னிக்கு ஆஸ்பத்திரில ஏன் அப்டி சொன்னேள்?"

"எப்டிம்மா?"

"நடிக்காதீங்கோ. மீட்டர் பாக்காதது அப்பாதான்னு எங்காத்துல எல்லாருக்கும் தெரியும். ஆத்துக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள அம்மாகிட்ட சொல்லிட்டார்."

ஃபாரூக்குக்குக் காதடைத்தது. இரண்டரை வருஷமாக அவர் கட்டிக்காத்த ரகசியம்! அந்தக் காபியைக் குடிக்க அன்றைக்கு எவ்வளவு கூசினார்!

"அப்ப ஏம்மா... வூட்டுக்கு வந்தேனே, ஏன் என்னாண்ட பேசல?"

"எப்டிப் பேசுவார்? 'அவன் என்னைத் திட்டியிருந்தா வாங்கிண்டிருப்பேன். என் தப்பை அவன் தலைல போட்டுண்டான், நான் வாயை மூடிண்டு பாத்துண்டு நின்னேனே, எந்த மூஞ்சிய வெச்சிண்டு அவன் முன்னாடி நிப்பேன்' - இதேதான் சொல்லுவார். ஞாயித்துக்கிழமை கோஷ்டி முடிஞ்சு வந்தார்னா, பத்து மணி வரைக்கும் வாசலுக்கும் கூடத்துக்குமா நடந்துண்டே இருப்பார். அம்மா புளியோதரை பண்றதையே விட்டுட்டா."

பத்து மணி வரைக்கும். அது இங்கே துப்பாக்கி சரிபார்க்கிற நேரம். இவர் இங்கே சவுக்கு மரத்திடம் நம்பர் கூவிக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறும் அந்த ஆள் அங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறான். ஃபாரூக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதை மறைக்கவும் இல்லை.

"எனக்குப் பதினாலு குடுங்கோ மாமா" என்றாள் ஹம்சினி.

"அது வாடகைக்கு இல்லம்மா."

"தெரியும். அதான் வேணும்."

கால் கேட்டுப் பக்கம்தான் போகப் பார்த்தது. இருபது அடி, ஓடிப்போய் அந்த ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நாலு வார்த்தை கேட்டால் என்ன? 'நீ போவப் போவ அவரு குளிக்கப் பூடுவாரு.' சகினா குரல் காதுக்குள் கேட்டது. காலை அடக்கிக்கொண்டார். கடைசிக் கொக்கியிலிருந்து பதினாலை எடுத்தார். புதுச் சிலிண்டரை மாட்டினார். கேட்டிலிருந்து நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார். ஹம்சினியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

கட்டைவிரலால் மீட்டரைத் துடைத்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முள் உச்சியில் இருந்தது. வெயில் பக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார். சந்தேகமே இல்லை. 'மீட்டர் ஃபுல்லு' என்கிற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியைப் பெட்டிக்கு நேராகத் தூக்கினார்.

ஒரு விநாடி. இரண்டு விநாடி.

"டேய் ஃபாரூக்!"

மைதானம் முழுக்கக் கேட்டது. கல்லூரிக் கூட்டம் கப்சிப்பென்று ஆனது. ஸ்ரீகிருஷ்ணா போனும் கையுமாக ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்தார். பூவரச மரத்தடியில் அந்த உருவம் எழுந்து நின்றிருந்தது. ஹெல்மெட் கையில் இருந்தது, நெற்றியில் திருமண்.

"டேய், குழந்தை கைல குடுக்கப் போறியே! மீட்டர்! மீட்டர் பாத்தியாடா?"

ஃபாரூக் துப்பாக்கியை இறக்கினார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் தாங்காது என்று அவருக்குத் தெரியும். மூக்கின்மேல் இருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன் சாமி" என்றார் உரக்க. "ஒரு எழவும் தெரில. நீ வந்து பாரு."

சொல்லிவிட்டு, சிலிண்டரை மார்போடு அணைத்து, மீட்டரைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு நின்றார்.